நாவல்முறிப்பில் விக்கல்

நாவல்முறிப்பு ஆமிச் சவக்காலையில் முதலாவது விக்கல் கேட்டது ஒரு மத்தியானம், ஊரெல்லாம் சோற்றுக் கோப்பையோடு குந்தியிருக்கிற நேரம். கேட்டவர் திரேசக்கா. கேட்டதும் அவர் பயப்படவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை, சிலுவை அடையாளம்கூடப் போடவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு பேணி தண்ணீர் கொண்டுவந்து, இரண்டாம் வரிசையில் விக்கிக்கொண்டிருந்த கல்லறைக் கல்லின் தலையில் மெதுவாக வார்த்தார். விக்கல் நின்றது. பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

அந்த இடம் முன்பு மரமுந்திரிகைத் தோட்டம். யுத்தத்துக்கு முன்பு அது கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது, யுத்தத்துக்குள் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது, யுத்தம் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து தகரத்தையும் தறப்பாளையும் தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது மரங்களை வேரோடு தள்ளி, கிறவல் கொட்டி, சுற்றிவர வெள்ளை மதில் கட்டி, அங்கங்கே அவசரத்தில் புதைத்திருந்த ஆமிக்காரரை லொறிகளில் கொண்டுவந்து வரிசையாக வைத்து, தலைமாட்டில் வெள்ளைக் கல்லு நட்டு, கல்லில் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் பெயர் வெட்டியிருந்தார்கள். வீதிக்கு அந்தப் பக்கம் சண்டையில் செத்த எங்கட பிள்ளைகளைப் புதைத்து வைத்திருந்த இடம். அங்கே கல் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மட்டமாக்கி, இரண்டு கம்பம் நட்டு, கரப்பந்து வலை கட்டியிருந்தது. கடைசிக் காலத்தில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, யார் யாரென்று முகம் பார்த்து வைக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

சவக்காலையில் புல்லுப் பிடுங்கவும் கூட்டவும் ஊரில் நாலைந்து பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். நானும் போனேன். எனக்கு அப்போது முழங்கால் வருத்தம் தொடங்கியிருந்தது, மகள் சுவர்ணா சின்னப் பிள்ளை, வீட்டுக்குக் கதவு இல்லை, கதவில்லாத வீட்டில் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி நித்திரை வரும். போகிற வழியில் சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொஞ்ச நாளில் அதே சனம் தங்கள் மகள்மாருக்கும் அங்கே வேலை கேட்டு எங்கள் படலைக்கு வந்தது.

விக்கலைப் பற்றி முதலில் சார்ஜன் அபேரத்ன நம்பவில்லை. அவர்தான் அந்த இடத்துக்குப் பொறுப்பு, மெலிந்த மனிதர், பாதித் தமிழ் பேசுவார்.

"அது பைப்பில காத்து," என்றார்.

"இஞ்ச பைப்பே இல்லை சேர்," என்றார் திரேசக்கா.

சார்ஜன் யோசித்துவிட்டு ஒரு டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் கல்லில் குழாயை வைத்துக் கேட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார். பிக்கு ஒருவர் வந்து பிரித் ஓதினார். ஓதுகிற நேரம் மற்ற வரிசைகளும் விக்கத் தொடங்கின, ஏனென்றால் அந்த ஓதலைத் தூரத்துத் தாய்மாரும் அவரவர் ஊர்ப் பன்சலைக் கோயில்களில் அதே நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது: மத்தியானத்தில் கல்லுகளுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று சார்ஜன் சொன்னார். எங்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள், நினைக்கப்படுகிற ஆளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் செத்தவர்கள் என்பது அதில் எதை மாற்றும்?

மத்தியானம் ஏன் என்பதையும் எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சோறு போடுகிறபோதுதான் தாய் பிள்ளையை எண்ணுகிறாள்.

அப்படியே ஊர் அதற்குப் பழகியது. பன்னிரண்டரை பஸ்ஸை விக்கல் பஸ் என்று சொல்லத் தொடங்கினார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் விக்கல் தொடங்கினால் கடைக்குப் பாதிக் கதவு போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தக் கல்லு முதலில் விக்கும் என்று பந்தயம் பிடித்து அடி வாங்கினார்கள். நாங்கள், தண்ணீர் வார்க்கிறவர்கள், கண்ணால் காணாத வீடுகளின் நடப்பையெல்லாம் அறிந்தோம். மூன்றாம் வரிசை மூலைக்கல்லுக்குக் காலையில் பஸ் போகிற நேரம்தான் விக்கும், யாரோ ஒரு பெட்டை பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து நினைக்கிறாள் என்று பேசிக்கொண்டோம். ஒரு சித்திரையோடு அது நின்றுபோனது. "கலியாணம் கட்டியிருப்பாள்," என்றார் திரேசக்கா, "கட்டட்டும், பாவம்." இன்னொரு கல்லு இரவு பகலாக விக்கி, வாளி வாளியாக வார்த்தும் நில்லாமல், பிறகு ஒரேயடியாக அடங்கியது. அந்த வீட்டுத் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்து மோசம்போன செய்தி அடுத்த கிழமை சார்ஜனுக்கு வந்தது. ஒருநாளும் விக்காத கல்லுகளும் இருந்தன. அவைக்கும் திரேசக்கா ஒரு வாய் வார்த்துவிட்டுத்தான் போவார்.

"நினைக்க ஆளில்லாட்டித் தாகமும் இல்லாமல் போகுமே?" என்பார்.

அதை அவர் தெரிந்துதான் சொன்னார். அவருடைய ஆட்கள் எல்லோரும் ஒரே பங்கருக்குள் செல் குண்டு விழுந்து போய்விட்டார்கள். தன்னை நினைக்க இந்த உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை, தனக்கு விக்கல் வந்தே கனகாலம் என்று, மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போலச் சொல்லுவார்.

வீதிக்கு அந்தப் பக்கம் கரப்பந்து விளையாடிய பெடியள் ஒரு மத்தியானம் பந்தைக் கையில் பிடித்தபடி காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். மறுநாள் வலையைக் கழற்றினார்கள். கம்பங்கள் மட்டும் நின்றன, மைதானத்தில் தொட்டாற்சிணுங்கி படர்ந்தது.

பிறகுதான் மற்றச் சங்கதி வெளிவந்தது. எங்களோடு வேலை செய்த ஒருத்தி, பொழுதுபட்டு வாளி கழுவுகிறபோது, காணாமல்போன தன் தம்பிக்கு அன்று பிறந்தநாள் என்று நினைத்தாள். உடனே ஆறாம் வரிசையில், அந்த நேரத்தில் ஒருநாளும் விக்காத கல்லு ஒன்று விக்கியது. அவள் நினைப்பதை நிறுத்தினாள், அதுவும் நிறுத்தியது. திரும்ப நினைத்தாள், விக்கியது. கல்லில் இருந்தது வேறு ஆரோ ஒரு ஆமிக்காரனின் பெயர். அவள் அழவில்லை. பேணியைக் கொண்டுபோய்த் தண்ணீர் வார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

அதன்பிறகு சனம் வரத் தொடங்கியது. முன்பெல்லாம் 'நினைச்சுப் பார்' என்றால் யோசி என்றுதான் பொருள். எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள் வந்தது. பஸ்ஸில் இறங்கி, மதிலோரம் நின்று, காணாமல்போன ஆளை நினைத்து, ஏதாவது கல்லு விக்குதோ என்று பார்க்கிறது. "நினைச்சுப் பாத்தாச்சோ?" என்று சந்தையில் கேட்பார்கள். "ஓம், நினைச்சுப் பாத்தன், ஒண்டும் இல்லை," என்று சொல்லுகிறவர்கள் அன்றைக்கு மீன் வாங்கிக்கொண்டு போவார்கள். விக்கியதென்று சொன்னவர்கள் சிலர்தான். சார்ஜன் எல்லாவற்றையும் கண்டும் படலையைப் பூட்டவில்லை. பூட்டச் சொல்லி ஒருவரும் தனக்கு எழுதவில்லை என்றார்.

நினைத்துப் பார்க்காத ஆள் ஊரில் நான் ஒருத்திதான்.

என் மனுசன் குணநாயகம் கடைசி மாதத்தில் சைக்கிள் எடுக்கப் போனவர். நாங்கள் இடம்பெயர்ந்து அடுத்த தறப்பாளுக்கு வந்தபிறகு, பழைய இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டேன் என்று எழும்பினார். "சைக்கிள் கிடக்கட்டும், போகாதேங்கோ," என்றேன். பெல்லுக்குப் புதுசாய் எண்ணெய் விட்டது என்றார். எண்ணெய் விட்ட பெல்லாம். அந்தச் செல்லடிக்குள் யாருக்கு மணி அடிக்கப் போகிறார்? போனவர் போனவர்தான்.

நான் பொட்டை அழிக்கவில்லை. எங்கேயோ ஒரு மறியலில் கம்பிக்குப் பின்னால், ஒரு வைத்தியசாலையில், தன் பெயர் மறந்துபோய் எங்கேயாவது ஒரு தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டு இருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் நான் அவரை நினைக்கக்கூடாது. நான் நினைக்க, ஒரு கல்லு விக்கிவிட்டால்? வீட்டில் இருந்து நினைத்தாலும் ஆபத்துத்தான், எத்தனையோ மலை கடந்து தாய்மார் நினைப்பதே இங்கே கேட்கிறது, என் வீடு கூப்பிடு தூரம். நான் கேட்காவிட்டாலும் வேறு யாராவது கேட்டுவந்து சொல்லிவிடுவார்கள். ஆகவே மனதை வேறு வேலைக்கு விட்டேன். கூட்டுகிறபோது ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன், அதற்கு மேல் எனக்குப் பாடமில்லை. மாட்டுக்கு உண்ணி, அரிசியில் கல்லு, சுவர்ணாவின் இருமல், கிணற்றுக் கயிறு இற்றுப்போனது, எதைப் பற்றியெல்லாம் கவலைப்படலாமோ அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டேன். மலருக்கு எப்பவும் ஏதாவது கரைச்சல் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

ஆனால் ஒரு மனுசியால் முழுக்க நினைக்காமல் இருக்க ஏலுமோ? பின்னேரம் கொடி இறக்கும்போது சவக்காலையில் குழல் ஊதுவார்கள். ஊரையே நிறைக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் எந்த விக்கலும் ஒருவருக்கும் கேட்காது. அடுப்படியில் நின்றபடி, குழல் தொடங்கும்போது தொடங்கி, முடியும்போது முடித்து, அந்த நேரம் மட்டும் அவரை நினைத்தேன். பெரும்பாலும் சைக்கிளுக்காகத் திட்டினேன். திட்டுவதும் நினைப்பதுதானே.

வருஷா வருஷம் வைகாசியில், புத்தரின் வெசாக் திருநாளை ஒட்டி, ஞானவதி வருவார். பெயர் எங்களைப் போல இருந்தாலும் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எங்கோ தெற்கில் மலையடிவாரத்திலிருந்து பஸ் மாறி மாறி, மடியில் பாற்சோறும் கையில் ஒரு போத்தல் தண்ணீருமாக வருவார். தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று சார்ஜன் சொன்னார். ஐந்தாம் வரிசையில் அவருடைய மகன் சமிந்தவின் கல்லு. மத்தியானத்தில் அதன் பக்கத்தில் குந்தியிருப்பார். சுற்றியிருக்கிற கல்லுகளெல்லாம் விக்கும், அவருடைய மகனின் கல்லு மட்டும் வாய் திறக்காது. தாய் பக்கத்திலிருந்து கண்ணீர் விடுகிறாள், கல்லு சும்மா நிற்கிறது. எங்களுக்குப் பார்க்க வெட்கமாக இருந்தது, ஏதோ நாங்கள் வளர்த்த பிள்ளை விருந்தாளி முன்னால் மரியாதை தெரியாமல் நிற்பதைப் போல.

இரண்டாம் வருஷம் அந்தக் கல்லு விக்கியது. ஞானவதி திடுக்கிட்டு நிமிர்ந்து, கல்லை ஒருதரம் பார்த்து, பின்னால் நின்ற செவ்வரத்தை வேலியையும் ஒருதரம் பார்த்து, போத்தல் தண்ணீரை வார்த்தார். அவர் பஸ் ஏறியபிறகு திரேசக்கா வேலிக்குப் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தார்.

"உங்களுக்கு விசரோ அக்கா?" என்றேன். "ஆம்பிளை விக்கிற மாதிரியோ அது இருந்தது?"

"பின்ன என்ன மாதிரி இருந்தது?"

"தவளை மாதிரி."

"அப்ப வாற வருசம் நீ குந்தியிருந்து விக்கு."

நான் குந்தவில்லை. அவர்தான் வருஷா வருஷம் விக்கினார். தவளைதான்.

இப்படியே காலம் போக, சுவர்ணா வளர்ந்து, ஆசிரியையாகி, அவளுக்குக் கலியாணமும் பொருந்திவந்தது. நல்ல இடம். எனக்கு அதிலும் கவலை, நல்ல இடம் என்றால் கேள்வியும் கூட வருமே. ஆனிமாதத்துக்கு நாள் வைத்தார்கள். அச்சகத்திலிருந்து அழைப்பிதழ் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சுவர்ணா பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, அச்சுக்காரர் ஒரு கேள்வி கேக்கிறார்."

"விலை கூட்டிப்போட்டாரோ?"

"இல்லை. அப்பான்ர பேருக்கு முன்னால 'அமரர்' போடுறதோ, 'திரு' போடுறதோ எண்டு கேக்கிறார்."

நான் துருவிக்கொண்டே இருந்தேன். சிரட்டைக்குள் கறுப்பு வரும்வரை துருவினேன்.

"திரு போடு," என்றேன்.

"திரு போட்டா மாப்பிள்ளை வீட்டாக்கள் ஆள் எங்க எண்டு கேப்பினம். தாரை வார்க்க அப்பா வருவாரோ எண்டு ஐயர் கேப்பார். வருவாரோ அம்மா?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒருக்கா நினைச்சுப் பாருங்கோவன்."

"நீ ஏன் சொல்லுறாய்? உனக்கு வேணுமெண்டா நீ நினைச்சுப் பாரன்."

அவள் மாதிரி அட்டையை மடித்தாள், திரும்ப விரித்தாள்.

"நான் நினைக்கிறேல்லை அம்மா. சின்ன வயசிலயிருந்து நினைக்கிறேல்லை. நான் நினைச்சு ஏதும் கேட்டிடுமோ எண்டு நீங்கள் பயப்பிடுவியள். அவர் ஞாபகம் வந்தா ஓடிப்போய் முகம் கழுவுவன். இப்ப முகம் கழுவத் தேவையில்லை. அவர் எப்பிடி இருப்பார் எண்டு எனக்கு வருதில்லை. சைக்கிள் வருது, ஆள் வருதில்லை."

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. அவர் உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இத்தனை வருஷமாக ஒரு பிள்ளை தன் தகப்பனை நினைக்காமல் இருக்கப் பழகியிருக்கிறாள், அதற்கு நான் காவல் நின்றிருக்கிறேன். திரேசக்காவோடு சேர்ந்து விக்காத கல்லுகளுக்கும் வாய் நனைத்துவிட்டு வருகிற நான்.

மறுநாள் மத்தியானம், எல்லாக் கல்லுக்கும் வார்த்து முடித்து, விக்கல் அடங்கி, திரேசக்கா வேப்பமரத்துக்குக் கீழே சோற்றைப் பிரித்துப் பிசைந்தபோது சொன்னேன்.

"அக்கா, நான் இண்டைக்கு நினைக்கப் போறன்."

அவர் பிசைந்த சோற்றைத் திரும்ப வாழையிலையில் வைத்து மடித்தார். கையைக் கழுவினார். வாளியை எடுத்துக் கிணற்றில் நிரப்பினார். முழங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலாம் வரிசையைக் கடந்தார், இரண்டாம், மூன்றாம், நாலாம் வரிசையைக் கடந்தார், ஐந்தாம் வரிசையில் சமிந்தவின் கல்லடியில் வாளியை வைத்துவிட்டு நின்றார்.

நான் அப்போதும் வாய்ப்பாட்டில்தான் நின்றேன். ஏழாறு நாற்பத்திரண்டு.

"அக்கா, நான் இன்னும் தொடங்கேல்லை."

"தெரியும்."

"அப்ப ஏன் அதில போய் நிக்கிறியள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, வாளிக்குள் பார்த்தார். அவர் வாளிக்குள் பார்த்த அந்தப் பார்வையில் என் வாய்ப்பாடு விட்டுப்போனது, விட்டுப்போன இடத்தில் என் மனுசன் வந்தார், சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, பெல்லை ஒருதரம் அடித்துச் சரிபார்த்துக்கொண்டு. கல்லு விக்கியது.

திரேசக்கா ஒரு பேணி வார்த்தார்.

"எவ்வளவு காலமாத் தெரியும்?" என்று கேட்டேன்.

"குழல் ஊதுற நேரம் நான்தானே கடைசிச் சுத்துச் சுத்துறனான். கிட்ட நிண்டாக் கேக்கும். அந்த நேரத்தில ஒளிச்சு நினைக்க இந்த ஊரில உன்னை விட்டா ஆர் இருக்கினம்?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை. கேக்காமல் இருக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதே? அதுதான் ஒவ்வொரு நாளும் வார்த்துப்போட்டு வாய் பொத்திக்கொண்டு போனனான்."

ஆக அவருக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கல்லுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றேன். போகாதேங்கோ எண்டனான்தானே, என்றேன். எண்ணெய் விட்ட பெல்லாம். அதை யாரோ எடுத்து ஓடியிருப்பான், இரும்புக்கு விற்றிருப்பான், நீங்கள் இஞ்ச வேற ஆரோ ஒருத்தன்ர பேரில படுத்துக்கொண்டு இருக்கிறியள், கூப்பிடு தூரத்தில, நான் கதவில்லாத வீட்டில உங்கட பிள்ளையை வைத்துக்கொண்டு, ஓட்டையெல்லாம் சீலையால் அடைத்துக்கொண்டு, அரிசிக்கும் மருந்துக்கும் அலைந்து, நீங்கள் மறியலில் குளிரில கிடப்பியளோ எண்டு ஒரு போர்வைகூட மடித்து வைத்திருந்தனான், என்றேன். சொல்லச் சொல்லக் கல்லு இடைவிடாமல் விக்கியது. ஒரு வாளி முடிந்தது. இரண்டாம் வாளியும் முடிந்தது. திரேசக்கா கிணற்றுக்கும் கல்லுக்குமாக ஓடினார். மூன்றாம் வாளியோடு வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு என் தோளைப் பிடித்தார்.

"மெல்ல, மலர். மனுசன் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

அப்போதுதான் நிறுத்தினேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன், நெற்றியையும் சேர்த்துக் கழுவினேன். நிமிர்ந்தபோது படலையடியில் சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் சுவர்ணா பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து கல்லடியில் குந்தியிருந்தாள். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடித் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்று, சின்னதாய், குழந்தைக்கு வருவதைப் போல. அவள் கண்ணைத் திறந்து, "மீசை இருந்தது என்னம்மா?" என்றாள். ஓம் என்றேன். அச்சுக்காரருக்கு 'அமரர்' என்று சொல்லி அனுப்பினோம்.

எனக்கு அடுத்த கவலை தொடங்கியது. வெசாக் வருகிறது. ஞானவதி வருவார். அவருடைய மகனின் கல்லுக்குக் கீழே என் மனுசன் படுத்திருக்கிறார் என்று ஒரு தாய்க்கு எந்த வாயால் சொல்வது? இந்த முறையும் விக்கட்டோ என்று திரேசக்கா கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஞானவதி வந்து, பாற்சோற்றை வாழையிலையில் வைத்து, வழக்கம்போலக் குந்தினார். நான் சார்ஜனைக் கூப்பிட்டு, இதைச் சொல்லுங்கோ என்று எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜன் தொண்டையைச் செருமி, நிலத்தைப் பார்த்தபடி தங்கள் பாஷையில் சொன்னார். ஞானவதி இடையில் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்துவிட்டு, திரேசக்காவைப் பார்த்துத் தலையசைத்து ஏதோ சொன்னார்.

"அவவுக்குத் தெரியுமாம்," என்றார் சார்ஜன். "மகன் விக்கினா கோழிக்குஞ்சு மாதிரியாம். இது தவளை எண்டு முதல் நாளே தெரியுமாம்."

திரேசக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் வந்தவ எண்டு கேளுங்கோ," என்றேன்.

சார்ஜன் கேட்டார். "பேர் மகன்ர பேர்தானே, வராமல் விடேலுமோ எண்டு கேக்கிறா. இங்க இருக்கிறதும் ஒரு வீட்டு ஆள்தானாம். உங்கட மனுசன்ர பேர் என்ன எண்டு கேக்கிறா."

சொன்னேன். ஞானவதி அந்தப் பெயரை மெல்ல, துண்டு துண்டாய், ஒரு புது ஊரின் பெயரைப் போலச் சொல்லிப்பார்த்தார். கு-ண-நா-ய-கம். கல்லு ஒருதரம் விக்கியது. பாற்சோற்றில் ஒரு துண்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார், அதைச் சார்ஜன் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது. அப்படியென்றால் என் பிள்ளை எங்கே? சார்ஜன் வீதிக்கு அந்தப் பக்கம், இரண்டு கம்பம் மட்டும் நிற்கிற மைதானத்தைப் பார்த்தார். ஞானவதியும் பார்த்தார். போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பி, படலையைக் கடந்து, வீதியைக் கடந்து, தொட்டாற்சிணுங்கிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நாங்கள் போகவில்லை. அங்கே அவர் எவ்விடத்தில் நின்றார், என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது போத்தலில் தண்ணீர் இருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் அவர் போனார். அதற்குப் பிறகு அந்த மைதானத்துக்கும் நாங்கள் ஒரு வாளி கொண்டுபோகத் தொடங்கினோம். சார்ஜன் அதைப் பார்க்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பி நிற்பார்.

கலியாணம் ஆனிமாதத்து நல்ல நாளில் நடந்தது. எனக்குப் பந்தலில் கவலை, பருப்பில் கவலை, மேளகாரர் பிந்துவாரோ என்று கவலை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்க் கவலை. வெயில் காலம், சவக்காலைக் கிணறு அரைவாசிக்கு வந்திருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் சபையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே மூச்சில் தகப்பனை நினைப்பார்களே, அது அவருக்கு எப்படியிருக்கும் என்று முதல்நாள் திரேசக்காவிடம் கேட்டிருந்தேன்.

"அதுக்குத்தான் நான் வரேல்லை எண்டு சொல்லுறன்," என்றார். "ஆராவது வாளியோட நிக்கத்தானே வேணும். எனக்குச் சோறு எடுத்து வை."

என் தம்பியும் அவன் மனைவியும் தாரை வார்த்தார்கள். நான் பின்னுக்கு, தூணோடு நின்றேன். கெட்டிமேளம் கொட்டியபோது சுவர்ணா தலையைக் கொஞ்சம் திருப்பி என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒளிக்காமல், முகம் கழுவப் போகாமல், நல்லாக நினைத்தோம். சபையும் நினைத்தது. சைக்கிள் பெல்லின் சத்தம் எனக்கு அப்படியே காதுக்குள் வந்தது.

பந்தி முடிந்து, மாலை வெயில் சாய்கிற நேரத்தில் திரேசக்கா வந்தார். சீலை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பின்னால் சார்ஜன், காற்சட்டையை மடித்துவிட்டு, அவரும் நனைந்துபோய்.

"எத்தினை வாளி அக்கா?"

"கணக்கு ஆர் பாத்தது? கிணத்தில அடிமண் தெரியுது. உன்ர மனுசன் சரியான ஆள், நிப்பாட்டவேயில்லை. சோறு இருக்கோ?"

இருவரையும் இருத்தி இலை போட்டேன். சுவர்ணா கலியாணச் சீலையோடு வந்து தானே பரிமாறினாள். திரேசக்கா முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். விக்கல் எடுத்தது.

கையில் சோறோடு அவர் அப்படியே இருந்தார். இன்னொன்று எடுத்தது. தவளை இல்லை, உண்மையானது. சுவர்ணா என்னைப் பார்த்தாள், நான் சார்ஜனைப் பார்த்தேன், சார்ஜன் சவக்காலைப் பக்கம் பார்த்தார். எங்கள் வீட்டில் இருந்த எல்லோரும் அவருக்கு எதிரிலேயே நின்றோம். வேறு யார் அவரை நினைக்க இருக்கிறார்கள்?

நான் செம்பை எடுத்து நீட்டினேன். திரேசக்கா இடது கையால் செம்பைத் தடுத்தார்.

"பொறு, மலர்," என்றார். "கொஞ்சநேரம் விக்கட்டும்."